விசாரித்தவர் வேறு, வாங்கியவர் வேறு

நமது கடைகளில் சரக்கு வாங்கியவருக்குப் பேரேடு உண்டு. என்று வாங்கினார், எவ்வளவு வாங்கினார், பாக்கி எவ்வளவு, கடைசியாகப் பணம் கட்டியது எப்போது என்று கேட்டால் கணக்குப்பிள்ளை உடனே சொல்லிவிடுவார். ஆனால் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவருக்கு எந்த ஏடும் இல்லை. ‘மாதம் 20 மூட்டை பொன்னி வேண்டும், என்ன விலைக்குத் தருவீர்கள்?’ என்று போனில் கேட்டவரின் பெயர் காலண்டர் ஓரத்தில் இருக்கும். அல்லது பழைய பில்லின் பின்பக்கத்தில் இருக்கும். அல்லது ஆர்டர் எடுக்கும் பையனின் செல்போனில் இருக்கும். மாதம் முடிந்து காலண்டர் தாளைக் கிழிக்கும்போது அந்தப் பார்ட்டியும் குப்பைக்குப் போய்விடுகிறார்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நமது பெரியவர்கள் சொல்லி வைத்தது. போடுகிற சரக்கை அளப்பதுபோல, வந்து கேட்டவர்களையும் எண்ணி வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைகளில் இதற்கு வழி இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் லாபம். தவறாகச் செய்தால் இருக்கிற கணக்கும் குழம்பிவிடும். இதைப்பற்றித்தான் இங்கே விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

நமது பகுதியில் இது ஏன் முக்கியம்?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை நமக்குச் சரக்கு வாங்கக்கூடியவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். கோவளம், நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக விடுதிகளும் ஓட்டல்களும் இருக்கின்றன. கல்பாக்கம், புதுப்பட்டினம் பக்கம் குடியிருப்புகளும் மெஸ்களும் உண்டு. மறைமலை நகரிலும் பரனூர் மகேந்திரா சிட்டியிலும் தொழிற்சாலைக் கேன்டீன்கள். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் மாணவர் விடுதிகள். திருக்கழுக்குன்றத்தில் திருவிழாக் காலத்துச் சமையல் காண்ட்ராக்டர்கள். இவர்களில் ஒவ்வொருவரும் வாங்கும் மாதம் வேறு, அளவு வேறு, பணம் கட்டும் முறையும் வேறு.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பெரிய பார்ட்டி ஒருவரையே நம்பி வியாபாரம் நடத்துவது எவ்வளவு ஆபத்து என்பதை நமது பகுதி கண்ணால் பார்த்திருக்கிறது. 2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது அடியோடு நின்றது. விடுதிகள் மூடப்பட்டன. விடுதிகளுக்கு மட்டுமே சரக்குப் போட்டவருக்கு விற்பனை நின்றுபோனது. வீடுகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் சேர்த்துப் போட்டவருக்குக் கடை ஓடியது. அடுத்து 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிற்சாலையில் 2022-ஆம் ஆண்டில் கார் உற்பத்தி நின்றது. இப்படி ஒரு பெரிய இடம் மூடும்போது தொழிலாளர்கள் மட்டுமல்ல, சுற்றியுள்ள மெஸ், டீக்கடை, மளிகைக் கடை வரை பாதிப்பு வருகிறது.

பேரேடு சொல்வது நேற்று வாங்கியவரை. நாளைக்கு வாங்கக்கூடியவர் யார் என்பதைப் பேரேடு சொல்லாது. அதற்குத் தனிப் பட்டியல் வேண்டும். ஒரு பெரிய பார்ட்டி கைவிட்டுப் போகும் நாளில், கையில் 50 புதுப் பெயர்கள் உள்ள வியாபாரி மறுநாளே சைக்கிளையோ வண்டியையோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பட்டியல் இல்லாதவர் கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

கணக்கு மென்பொருளில் வரும் குழப்பம்

நம்மிடையே அதிகம் புழங்கும் கணக்கு மென்பொருள் டாலி. இது பிறந்த கதையே ஒரு வியாபாரியின் தேவையிலிருந்து வந்ததுதான். ஆலைகளுக்கு மூலப்பொருள்களும் இயந்திர உதிரிப் பாகங்களும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தமது கணக்கை எழுதச் சரியான மென்பொருள் கிடைக்காமல், தமது மகன் பாரத் கோயங்காவை ஒன்று செய்யச் சொன்னார். 1986-ஆம் ஆண்டில் பெங்களூரில் இப்படித் தொடங்கியதுதான் பின்னாளில் டாலி என்று பெயர் பெற்றது.

டாலியில் நமக்குப் பணம் தரவேண்டிய பார்ட்டிகளுக்கு ‘சண்ட்ரி டெட்டார்ஸ்’ என்ற தலைப்பு உண்டு. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அதன் கீழ் ஒரு லெட்ஜர் திறக்கிறோம். இங்கேதான் தவறு நேர்கிறது. விலை கேட்டுப் போன் செய்தவர், சாம்பிள் வாங்கிப் போனவர், கண்காட்சியில் கார்டு கொடுத்தவர் எல்லோருக்கும் ‘எப்படியும் வாங்குவார்’ என்ற நம்பிக்கையில் கடைப்பையன் லெட்ஜர் திறந்து வைத்துவிடுகிறான். ஓராண்டில் 100 பார்ட்டி இருந்த இடத்தில் 300 பெயர் நிற்கிறது.

இதனால் வரும் தொல்லைகள் மூன்று.

முதலாவது, ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர். பில் போடும் அவசரத்தில், விலை மட்டும் கேட்ட ‘ஸ்ரீ முருகன் மெஸ்’ பெயரில், தினமும் வாங்கும் ‘முருகன் மெஸ்’ஸின் பில் விழுகிறது. வசூலுக்குப் போகிறவர் தவறான கடை வாசலில் போய் நிற்கிறார்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. எண் மாறிப்போவது. தவறான எண்ணில் பில் போட்டால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அவர் நம்மிடம்தான் வந்து சண்டை போடுவார். ரிட்டர்னில் அதைத் திருத்த ஆடிட்டருக்கு மறுபடியும் வேலை.

மூன்றாவது, பாக்கிப் பட்டியலைப் பார்க்கும்போது கண் சலித்துப் போவது. பாக்கியே இல்லாத வெறும் பெயர்களுக்கு நடுவில், 90 நாளாகப் பணம் கட்டாதவர் ஒளிந்துகொள்கிறார்.

வவுச்சர் எதுவும் பதியாத லெட்ஜரை டாலியில் நீக்கிவிடலாம். ஒரு பதிவு விழுந்துவிட்டால் நீக்க முடியாது. ஆகவே இந்த மாதமே உட்கார்ந்து, ஒருமுறைகூட வாங்காதவர்களின் பெயர்களை லெட்ஜரிலிருந்து எடுத்துத் தனிப் பட்டியலுக்கு மாற்றுவது நல்லது. எடுக்கும் முன்பு பேக்கப் ஒன்று போட்டுக்கொள்ள மறக்கக் கூடாது.

மற்றவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

இந்தச் சிக்கல் மளிகை வியாபாரிகளுக்கு மட்டும் வந்ததல்ல. நமக்கு முன்பே இதில் அடிபட்டவர்கள் இன்சூரன்ஸ் முகவர்கள். நமது உறுப்பினர்கள் சிலரின் வீடுகளிலேயே எல்.ஐ.சி. முகவர் இருக்கலாம். பாலிசி எடுத்தவர் ஒருவர் என்றால், எடுக்கக்கூடும் என்று பேசிவைத்தவர் பல பேர். அந்தப் பல பேரை ஒழுங்காக வைத்திருப்பதுதான் முகவரின் பிழைப்பு.

அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் மியூச்சுவல் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் சிகாகோ முகவரகத்தை நடத்தியவர் ஆல் கிரானம். ஒருவருக்கு ஒரே ஒரு அட்டை என்ற முறையை அவர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பேசக்கூடிய நல்ல பெயர்கள் பத்து இருந்தால் மூன்று பேர் உட்கார்ந்து பேசுவார்கள், அதில் ஒருவர் வாடிக்கையாளர் ஆவார் என்பது அவர் சொன்ன கணக்கு. இந்த 10, 3, 1 என்பது காப்பீட்டுத் தொழிலுக்கு உரியது. அரிசி பருப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர் எத்தனை பேர், சாம்பிள் வாங்கியவர் எத்தனை பேர், பில் போட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

பின்னர் அட்டைகள் கம்ப்யூட்டருக்குள் போயின. 1987-ல் அமெரிக்காவில் ‘ஆக்ட்’ என்ற மென்பொருள் வெளிவந்தது. பெயர், போன், பேசிய விவரம், அடுத்துப் பேசவேண்டிய தேதி இவற்றை ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள்களில் அது முன்னோடி. இன்று நிதி ஆலோசகர்கள் பயன்படுத்தும் திட்டமிடும் மென்பொருள்களிலும் இதே கேள்வி வருகிறது. வாடிக்கையாளர் ஒருவருக்கு வருமானம், செலவு, கடன், காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு என்று பல பக்கம் விவரம் இருக்கும். புதிதாக விசாரித்தவருக்குப் பெயரும் போன் நம்பரும்தான் இருக்கும். இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் வைத்தால், வருடாந்தரக் கணக்குக் கடிதம் கணக்கே இல்லாதவருக்குப் போய்ச் சேரும். மொத்தம் எத்தனை வாடிக்கையாளர் என்ற எண்ணிக்கையும் பொய்யாகும். ஆகவே அவர்கள் விசாரித்தவர்களைத் தனி வகையாகக் குறித்து வைக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகே வாடிக்கையாளர் பட்டியலுக்கு மாற்றுகிறார்கள்.

கூடுவாஞ்சேரியில் கிடைக்கும் பாடம்

இந்த மாதிரி மென்பொருளைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரியை அடுத்து நமது செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஜோஹோ நிறுவனத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாறியது. அதன் நிறுவனர்களில் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. 2005-ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் வாடிக்கையாளர் தொடர்புக்கென்று ‘ஜோஹோ சி.ஆர்.எம்.’ என்ற மென்பொருளை வெளியிட்டது. யாருடைய சரக்குக்கும் விளம்பரம் செய்வது நமது நோக்கம் அல்ல. அதில் உள்ள ஏற்பாடு நமக்குப் பாடமாக இருப்பதால் சொல்கிறோம்.

அதில் விசாரித்தவர்களுக்கு ‘லீட்ஸ்’ என்று ஒரு பகுதி. வியாபாரத் தொடர்பு ஏற்பட்ட கடைக்கும் நிறுவனத்துக்கும் ‘அக்கவுன்ட்ஸ்’ என்று ஒரு பகுதி. அந்தக் கடையில் நாம் பேசும் ஆட்களுக்கு ‘கான்டாக்ட்ஸ்’ என்று இன்னொரு பகுதி. புதிதாக வந்த பெயர் முதலில் லீட்ஸில்தான் விழும். வியாபாரம் கூடி வரும் என்று தெரிந்ததும் ‘கன்வர்ட்’ என்ற பொத்தானை அழுத்தினால் அந்தப் பெயர் லீட்ஸிலிருந்து விலகி மற்ற இரண்டு பகுதிகளுக்கும் போய்விடும். மறுபடியும் எழுத வேண்டியதில்லை.

ஒவ்வொரு லீடுக்கும் ஒரு நிலை குறிக்க வேண்டும். இன்னும் பேசவில்லை, பேச முயன்றோம், பேசியாயிற்று, பின்னால் பேச வேண்டும், தகுதி இல்லை, கைநழுவியது, பயனற்றது என்ற பொருளில் தலைப்புகள் அதிலேயே தயாராக இருக்கின்றன. ‘கைநழுவியது’, ‘பயனற்றது’ என்ற இரண்டையும் கவனிக்க வேண்டும். வாங்காதவரை வாங்க மாட்டார் என்று ஒப்புக்கொண்டு எழுதி வைப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை மென்பொருள் செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

நமது கடைக்கு வேண்டிய பட்டியல்

நமக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையா என்று சிலர் கேட்கலாம். புதுப் பெயர் மாதம் பத்து வருகிற கடைக்கு 200 பக்க நோட்டு ஒன்றே போதும். 50 வருகிற கடைக்கு எக்ஸெல் தாள் போதும். ஆர்டர் எடுக்க மூன்று நான்கு பேர் ஊர் ஊராகப் போகிற மொத்த வியாபாரிக்குத்தான் தனி மென்பொருள் தேவைப்படும். நோட்டானாலும் கம்ப்யூட்டரானாலும் கட்டங்கள் ஒன்றுதான்.

1. கடையின் பெயர், உரிமையாளர் பெயர். கொள்முதல் முடிவு செய்பவர் யார் என்பதையும் எழுத வேண்டும். விடுதிகளில் முதலாளி வேறு, கொள்முதல் மேனேஜர் வேறு, சமையல் மாஸ்டர் வேறு. சரக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் மாஸ்டர். விலையை முடிப்பவர் மேனேஜர்.

2. செல்போன் எண். ஆளை அடையாளம் காண இதுவே சாவி.

3. ஊர், பின்கோடு.

4. யார் மூலம் வந்தார்? பழைய பார்ட்டி சொல்லி வந்தாரா, போர்டு பார்த்து வந்தாரா, நமது ஆள் போய்ப் பேசினாரா?

5. என்ன சரக்கு, மாதம் எவ்வளவு, எந்த மாதங்களில்?

6. கடன் எத்தனை நாள் கேட்கிறார்?

7. இப்போது என்ன நிலை?

8. அடுத்துப் பேசவேண்டிய தேதி.

இந்த எட்டில் எட்டாவதுதான் உயிர். தேதி இல்லாத பெயர் கிடங்கில் மூலையில் கிடக்கும் மூட்டை மாதிரி. எண்ணிக்கையில் இருக்கும், விற்பனைக்கு வராது. எந்தப் பெயரையும் தேதி போடாமல் பட்டியலில் விடுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். தேதி போட மனம் வரவில்லையென்றால் ‘கைநழுவியது’ என்று எழுதி மூடிவிட வேண்டும். காலையில் கடை திறந்ததும் இன்றைய தேதிக்கு யார் யார் என்று பார்த்தால், பேச வேண்டிய நான்கைந்து பெயர் கண்முன் நிற்கும்.

நிலைகளையும் நமது வழக்கத்துக்குச் சுருக்கிக்கொள்ளலாம். விசாரித்தார், விலை சொன்னோம், சாம்பிள் கொடுத்தோம், முதல் பில் போட்டோம், பின்னால் பார்க்கலாம், கைநழுவியது என்ற ஆறு போதும். இருபது நிலை வைத்தால் கடைப்பையன் எதையும் நிரப்ப மாட்டான்.

முதல் பில் போடுகிற அன்றுதான் டாலியில் லெட்ஜர் திறக்க வேண்டும். அன்றைக்கே விசாரணைப் பட்டியலில் ‘முதல் பில்’ என்று எழுதி, அவரை அங்கிருந்து விடுவிக்க வேண்டும். ஒரு பார்ட்டி ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் இருக்கக் கூடாது. இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் முன்னே சொன்ன மூன்று தொல்லையும் வராது.

‘பின்னால் பார்க்கலாம்’ என்பதைப் புத்தியோடு பயன்படுத்த வேண்டும். மாமல்லபுரத்து விடுதிக்காரர் ஆடி மாதத்தில் ‘இப்போது கூட்டமில்லை’ என்று சொன்னால் அது மறுப்பு அல்ல. டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழாவும் வெளிநாட்டுப் பயணிகளும் வரும் காலம். ஆகவே அடுத்த தேதியாக நவம்பர் முதல் வாரத்தைப் போட வேண்டும். திருக்கழுக்குன்றத்துச் சமையல் காண்ட்ராக்டருக்குப் பங்குனியிலேயே பேசினால்தான் சித்திரைத் திருவிழா ஆர்டர் கிடைக்கும். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். இப்படி ஒரு நிகழ்ச்சி அறிவிக்கப்படும்போது, பட்டியல் வைத்திருப்பவர் அன்றைக்கே போன் எடுப்பார். மற்றவர் நம்பர் தேடிக்கொண்டிருப்பார்.

பின்கோடும் வண்டி வழியும்

பட்டியலில் பின்கோடு எழுதுவதன் பலன் வண்டி வாடகையில் தெரியும். செங்கல்பட்டு நகரம் 603001, திருக்கழுக்குன்றம் 603109, மாமல்லபுரம் 603104, கல்பாக்கம் 603102. எக்ஸெல் தாளைப் பின்கோடு வாரியாக வரிசைப்படுத்தினால், எந்த வழியில் எத்தனை புதுப் பெயர் இருக்கிறது என்று ஒரு நொடியில் தெரியும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு நமது வண்டி வாரம் இரண்டு முறை எப்படியும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியில் உள்ள ஒரு புது மெஸ் வாரம் இரண்டு மூட்டை வாங்கினாலும் லாபம்தான். வண்டிச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. அதே இரண்டு மூட்டையைத் தனியாகக் கோவளத்துக்கு அனுப்பினால் கிடைக்கிற லாபம் டீசலுக்கே போய்விடும். ஆகவே பெரிய பெயரைவிட வழியில் இருக்கும் பெயர் மேல்.

இன்னொன்று. 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாக உதயமானது. அதற்கு முன் எழுதிய முகவரிகளில் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும். பட்டியலைப் புதுப்பிக்கும்போது அதையும் திருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட வாரியாகத் தேடும்போது பாதிப் பெயர் விட்டுப்போகும்.

ஒரே ஆள் இரண்டு முறை வராமல் பார்க்க

பெயரை வைத்துத் தேடினால் ‘லக்ஷ்மி’, ‘லட்சுமி’, ‘இலக்குமி’ மூன்றும் மூன்று கடையாகிவிடும். ஆகவே புதுப் பெயர் எழுதும் முன் செல்போன் எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் அந்த 15 இலக்க எண்ணையும் வாங்கிக்கொள்ளலாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவில் உள்ள பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். கடன் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. ஒரே நிறுவனத்துக்குச் சென்னையில் ஓர் ஓட்டலும் மாமல்லபுரத்தில் ஒரு விடுதியும் இருந்தால், இரண்டும் ஒரே மாநிலம் என்பதால் ஒரே எண்ணில் இருக்கலாம். பில் ஒரு பெயரில், சரக்கு இறக்கும் இடம் இரண்டு. ஆகவே ஜி.எஸ்.டி. எண்ணோடு இறக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான முறை.

கடன் பற்றி ஒரு எச்சரிக்கை

புதுப் பார்ட்டி பிடிக்கும் ஆசையில் பழைய பாக்கிக்காரரை உள்ளே விட்டுவிடக் கூடாது. விசாரணைப் பட்டியலில் ‘கைநழுவியது’ என்று மூடிய பெயரை அழிக்காமல் வைத்திருப்பதன் பலன் இங்கே இருக்கிறது. ‘60 நாள் கடன் கேட்டார், மறுத்தோம்’ என்று ஒரு வரி இருந்தால், அடுத்த ஆண்டு வேறு பையனிடம் அவர் வந்து கேட்கும்போது அந்த வரி நம்மைக் காப்பாற்றும். மாதத்துக்கு 20 மூட்டை என்று ஆசை காட்டி, முதல் இரண்டு லோடுக்கு ரொக்கம் கொடுத்து, மூன்றாவது பெரிய லோடுக்குக் கடன் சொல்லி மறைந்துபோகிறவர்களும் உண்டு. புதிதாக வந்தவருக்குக் கடன் வரம்பு எவ்வளவு என்பதை முதலாளியே எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லெட்ஜரில் வரம்பு ஏற்ற வேண்டும்.

பட்டியல் யாருடைய சொத்து?

ஆர்டர் எடுக்கும் பையனின் செல்போனில் மட்டும் பெயர்கள் இருந்தால், அவன் வேலையை விட்டுப் போகும் அன்று பட்டியலும் கூடவே போய்விடும். ஆகவே கடையின் பெயரில் ஒரு தனி எண் வைத்து, விசாரணைகள் எல்லாம் அந்த எண்ணுக்கே வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் மாலையில் பையன் கொண்டுவந்த பெயர்களைக் கடைப் பட்டியலில் ஏற்றிவிட்டுத்தான் கடை சாத்த வேண்டும். இது சந்தேகம் அல்ல, ஒழுங்கு. பையனுக்கும் இதில் நன்மை உண்டு. எந்தப் பார்ட்டியை அவன் கொண்டுவந்தான் என்பது எழுத்தில் இருப்பதால் கமிஷன் தகராறு வராது.

பிறர் தந்த பெயரும் நம்பரும் நமது கையில் இருக்கிறது என்பதால் நினைத்தபடி பயன்படுத்திவிடவும் முடியாது. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டத்தின் சாரம் எளிது. எந்தக் காரியத்துக்கென்று சொல்லி விவரம் வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அவர் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். அரிசி விலை கேட்டவரின் நம்பரைச் சீட்டுக் கம்பெனிக்கோ மனை விற்பவருக்கோ கொடுப்பது தவறு. மொத்தமாக விளம்பர எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. 1909 என்ற எண்ணில் விளம்பரம் வேண்டாம் என்று பதிவு செய்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. ஆகவே பெயர் எழுதும்போதே ‘புது விலை வந்தால் தெரிவிக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொன்னதைக் குறித்துக்கொள்வது நல்லது.

மாதக் கடைசியில் ஒரு மணி நேரம்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பட்டியலோடு உட்கார வேண்டும். உதாரணத்துக்கு, இந்த மாதம் 40 பேர் விசாரித்தார்கள், 12 பேர் சாம்பிள் வாங்கினார்கள், 5 பேருக்குப் பில் போட்டோம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பிள் வாங்கி விட்டுப்போன 7 பேரிடம் காரணம் கேட்க வேண்டும். விலையா, தரமா, கடனா, நேரத்துக்கு வண்டி வராததா? ஏழு பேரும் ஒரே காரணம் சொன்னால் குறை நம்மிடம் இருக்கிறது. விசாரித்த 40 பேரில் 28 பேருக்கு விலையே திருப்பிச் சொல்லவில்லை என்று தெரிந்தால், புதுப் பார்ட்டி தேடுவதைவிட வந்தவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் போடுவதுதான் முதல் வேலை.

பெரிய கம்பெனிகளும் ஆன்லைன் வியாபாரமும் நமது வாடிக்கையாளரை ஒவ்வொருவராக எண்ணி, அவர் என்று வருவார், என்ன வாங்குவார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிற காலம் இது. அவர்களுக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. வாங்குகிறவரின் ஊரும் உறவும் திருவிழாவும் நமக்குத் தெரியும். தெரிந்ததை எழுதி வைத்தால் அது முதல். எழுதாமல் விட்டால் மறதியில் போகும். வாங்கியவரைப் பேரேட்டிலும் விசாரித்தவரைத் தனிப் பட்டியலிலும் வைப்போம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தேதி போடுவோம். இந்த ஆண்டுக் கணக்கு முடிக்கும் முன்பே உறுப்பினர்கள் அனைவரும் இதைத் தொடங்கிப் பயனடைய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.